கம்பெனி பஸ்ஸின் கடைசி வரிசை

எங்கள் ஊருக்கு அரசாங்க பஸ் வராது, கம்பெனி பஸ் வரும். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நான் பெருமை பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். கெலமங்கலத்தைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பி, தார் ரோடும் முடிந்து, தக்காளித் தோட்டங்களும் ராகிக் காடும் ஓய்கிற இடத்தில் எங்கள் வீடுகள் இருக்கின்றன. அந்த மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வெள்ளை பஸ் ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் வந்து நிற்கும். மழை பெய்தாலும் வரும், யானை இறங்கியிருக்கிறது என்று வனத்துறைக்காரர்கள் தண்டோரா போட்டாலும் வரும். எங்களுக்கு உடம்புக்கு ஒன்று என்றால் எட்டிப் பார்க்க ஒரு வண்டி கிடையாது. எங்கள் கைகள் வேலைக்கு வேண்டும் என்றால் வண்டி வாசலுக்கே வருகிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

பிளஸ் டூ முடித்த கையோடு நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். ஊசிமுனை அளவு பாகங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பொருத்துகிற வேலை. உள்ளே போகும்போது உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. வளையல், தோடு, கொலுசு, மெட்டி எதுவும் கூடாது. வாசலில் நிற்கிற மெஷின் கத்திவிடும். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டிலேயே எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, நீலக் கோட்டும் கழுத்தில் அட்டையுமாகத்தான் பஸ் ஏறுவோம். எல்லோரும் ஒரே மாதிரி இருப்போம். பெற்ற தாயே பின்னாலிருந்து பார்த்தால் தன் பெண் எது என்று தடுமாறுவாள்.

அந்த ஒரே மாதிரிதான் எங்களுக்கு வழி காட்டியது. முதலில் யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. சர்க்கரை நோயில் கால் புண்ணாகி நடக்க முடியாமல் கிடந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு பெண் தன் பழைய கோட்டை மாட்டி, பஸ்ஸின் கடைசி வரிசையில் உட்கார வைத்துக் கூட்டிப்போனாள். டிரைவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவர் கண்ணாடியில் பார்த்தார், பார்க்காத மாதிரி வண்டியை எடுத்தார். டவுன் வந்ததும் ஆஸ்பத்திரித் திருப்பத்தில் காரணமே இல்லாமல் ஒரு பிரேக் போட்டார், அக்கா இறங்கிக்கொண்டாள். அதிலிருந்து கடைசி வரிசை நோயாளிகளுடையது என்றாகிவிட்டது. காய்ச்சல்காரர்கள், மூச்சிரைப்புக்காரர்கள், தடுப்பூசிக்குப் போகும் கைக்குழந்தைக்காரிகள் என்று எல்லோரும் நீலக் கோட்டில் போய் வந்தார்கள். ஆண்களுக்கு மட்டும் அந்த வசதி இல்லை. மாமா ஒருவர் முதுகு பிடித்துக்கொண்டு கிடந்தபோது, மீசையை எடுத்துவிட்டால் ஏற்றிக்கொள்கிறோம் என்று கேலி செய்தோம். அவர் உண்மையாகவே யோசித்தார்.

பிறகு கம்பெனி பஸ் கதவில் ஒரு பெட்டியைப் பொருத்தியது. அட்டையைக் காட்டினால் அது ஒரு கீச்சுச் சத்தம் போடும். மெயின் ரோட்டில் ஏறுகிற செக்யூரிட்டி அக்கா, பெட்டியில் விழுந்த கணக்கையும் தலைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஒரு தலை கூடினாலும் கேள்வி வரும். நாங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரு நோயாளி போகவேண்டும் என்றால் எங்களில் ஒருத்தி வயிற்று வலி என்று வீட்டில் நின்றுகொள்வாள். அவளுடைய அட்டை நோயாளியின் கழுத்தில் தொங்கும். முறை வைத்து நின்றோம், யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதே சமயத்தில்தான் எங்கள் பகுதி துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு திரை வந்தது. நர்சம்மா கையில் ஒரு கருவியும் வந்தது. பிரஷரை அதில் பார்த்தால் எங்கேயோ இருக்கிற டாக்டரின் திரையில் அது தெரியும். அவர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். முதல் நாள் ஊரே திரண்டு போய் டாக்டருக்கு வணக்கம் வைத்தது. நல்ல டாக்டர், குறை சொல்ல மாட்டேன். என்ன வியாதி என்று உடனே சொல்லிவிடுவார், எங்கே போகவேண்டும் என்றும் சொல்லிவிடுவார். எப்படிப் போவது என்பதை மட்டும் அந்தத் திரையில் காட்ட முடியவில்லை.

என் அண்ணி உத்தனப்பள்ளிப் பக்கத்துக்காரி. கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவாள், கொஞ்சுவதென்றால் தமிழ். அண்ணனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. ஞாயிறு வந்து திங்கள் போகிற மனிதன். அதனால் அண்ணி என்னோடுதான் வாழ்ந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. ஷிப்ட்டுக்கு முன்னால் எனக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான். முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது தங்கியபோது வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சந்தோஷப்படவில்லை, பயந்துகொண்டே சந்தோஷப்பட்டோம். ஏழாம் மாதம் வளையல் போட்டோம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அவள் திரும்பிப் படுத்தால் வீடே விழித்துக்கொள்ளும். உள்ளே இருப்பது என்ன குழந்தையோ தெரியாது, ஆனால் காது கேட்காத குழந்தையாக மட்டும் இருக்காது என்று நான் சொல்லிச் சிரிப்பேன்.

அன்று காலை எழுந்தபோதே அவள் முகம் வீங்கியிருந்தது. தலை பிளக்கிறது என்றாள். என்னைப் பார்த்து, நீ ஏன் புகைக்குள் நிற்கிறாய் என்று கேட்டாள். வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. கைத்தாங்கலாகச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். நர்சம்மா பிரஷர் பார்த்துவிட்டு உடனே திரையைப் போட்டாள். சிறுநீரில் உப்பு இறங்கியிருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் அண்ணியிடம் கண் தெரிகிறதா என்று கேட்டார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. சாயங்காலம்னு தள்ளாதீங்க. ஃபிட்ஸ் வந்துச்சுன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

நர்சம்மா அங்கேயே ஒரு ஊசி போட்டாள். நிலையத்துப் போனிலிருந்தே ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். எடுத்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். இந்தப் பக்கத்து வண்டி வேறொரு ஊருக்குப் பிரசவத்துக்குப் போயிருக்கிறது, அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை இறக்கிவிட்டு வரும் என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்குச் சொல்லத் தயங்கினாள், அதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது. தக்காளி ஏற்றுகிற வண்டிகள் எல்லாம் விடியலிலேயே ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தன. பைக்கில் உட்கார வைக்கிற நிலைமையில் அவள் இல்லை. மிச்சம் இருந்தது செகண்ட் ஷிப்ட் பஸ்தான். அது வருகிற நேரம் நெருங்கியிருந்தது.

வேகவேகமாக அண்ணிக்கு வேஷம் கட்டினோம். வேறு எப்படிச் சொல்வது? ஊரிலேயே பெரிய உடம்புக்காரியின் கோட்டை வாங்கி வந்து மாட்டினேன், வயிறு ஓரளவுக்கு மறைந்தது. செக்யூரிட்டி அக்கா பார்த்துவிட்டால் நடுவழியில் இறக்கிவிடுவாள் என்பது ஒன்றுதான் என் தலையில் ஓடியது. பஸ்ஸில் ஒருத்தி மட்டும் வளையல் போட்டிருந்தால் முதலில் அதுதானே கண்ணில் படும்? ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கை வீங்கியிருந்தது, சோப்பு போட்டும் சில வளையல்கள் வரவில்லை, உடைத்து எடுத்தேன். மெட்டியைக் கழற்றினேன். கடைசியில் கோட்டுக் கழுத்துக்கு மேலே தாலிக்கயிறு தெரிந்தது.

"இதுவுமாடி?" என்றாள் அம்மா.

இதுவும்தான் என்றேன். அட்டையில் இருப்பது அப்பா பெயரும் கல்யாணமாகாத என் படமும். அம்மா அழுதுகொண்டே தன் கையால் அதைக் கழற்றி, மெட்டியோடு சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்து, அண்ணியோடு போகிற என் சிநேகிதியின் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். என் அட்டையை நான் அண்ணியின் கழுத்தில் மாட்டினேன். நானும் கூடப் போகலாம் என்றால் எனக்கு அட்டை இல்லை, அதுதான் அவள் கழுத்தில் கிடந்ததே. படியில் ஏறும்போது பெட்டி கீச்சிட்டது. அண்ணி திரும்பி என்னைத் தேடினாள், அவளுக்கு நான் தெரிந்தேனோ என்னவோ. பாய் வழக்கத்தை விட மெதுவாக, பள்ளம் பார்த்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

எங்கள் ஊரில் போன் எடுக்க வேண்டுமானால் பாறை மேட்டுக்குப் போகவேண்டும். அங்கே போய் உட்கார்ந்தேன். கையில் அம்மாவின் போன். பக்கத்தில் யாருமில்லை. சுகாதார நிலையத்துக்குத் திரை கொடுத்தவர்களையும், பஸ்ஸுக்குப் பெட்டி வைத்தவர்களையும், ரோடு போடுவதாகச் சொல்லி ஓட்டு வாங்கிப்போனவர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்ததும் அழுகை வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், என் பெயரைச் சொல்லி, அந்தப் பெண்ணின் அம்மாவா பேசுவது என்று கேட்டது. எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. அவசரத்துக்கு என்று அட்டையின் பின்பக்கம் நான் எழுதிக் கொடுத்திருந்தது அம்மாவின் நம்பர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

"உங்க பொண்ணு மாசமா இருக்கா. எட்டு மாசம் இருக்கும். தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அவள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னா குடிச்சா? மறைக்காம சொல்லுங்கம்மா. ஃபிட்ஸ் நிக்க மாட்டேங்குது."

"ஒண்ணும் குடிக்கலைங்க. அவங்க என் அண்ணி. கல்யாணம் ஆனவங்க. பிபி ஏறிப்போச்சு, உப்பு இருக்குதுன்னு காலைலயே டாக்டர் சொன்னாரு. ஒரு ஊசி போட்டுத்தான் அனுப்புனாங்க."

"அப்ப அட்டையில இருக்கிறது?"

"அது நான்தாங்க."

"உன் அட்டை எதுக்கு அவங்க கழுத்துல கெடக்குது?"

எங்கள் ஊரைப் பார்த்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். பார்க்காதவருக்கு ஒரு போன் பேச்சுக்குள் என்னவென்று சொல்வது? வேற வண்டி இல்லீங்க என்றேன். அது அவளுக்குக் கேட்டதா தெரியாது, லைன் போய்விட்டது. திரும்ப அடித்தேன். அந்த மேட்டில் காற்று மாறினால் போன் கர்நாடகத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பெண் கன்னடத்தில், அவசரமே இல்லாமல், நான் கூப்பிடுகிற ஆள் தொடர்பில் இல்லை என்று சொன்னாள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நடந்ததைச் சிநேகிதி வந்து சொன்ன பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். டவுன் எல்லையை நெருங்கும்போது அண்ணிக்கு வலிப்பு வந்திருக்கிறது. பெண்கள் கத்தியதும் பாய் யாரையும் கேட்கவில்லை. கம்பெனி ரோட்டை விட்டு, கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரிக்குள் பஸ்ஸைத் திருப்பிவிட்டார். நாங்கள் யாருக்குப் பயந்து அத்தனையும் கழற்றினோமோ அந்தச் செக்யூரிட்டி அக்காதான் ஓடிவந்து கால்மாட்டில் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். வளையலோடு வந்திருந்தாலும் நான் இறக்கிவிட்டிருக்க மாட்டேனே என்று அவள் பிற்பாடு என்னிடம் சொல்லி அழுதாள். அதை முன்னாலேயே எங்களுக்குத் தெரிகிற மாதிரி நடந்துகொண்டிருக்கலாமே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவளும் சம்பளத்துக்கு நிற்பவள்தான், தெரியும். இருந்தாலும் வந்தது.

ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்தார்கள். வீங்கிய முகத்தில் படத்துக்கும் அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கல்யாணமாகாத சின்னப் பெண் என்றது அட்டை. கழுத்தைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், கால் விரலைப் பார்த்தார்கள். எல்லாம் மூளியாக இருந்தது. வயிறு மட்டும் மறைக்க முடியாமல் இருந்தது. கம்பெனிப் பெண் என்றால் இந்தப் பக்கத்தில் ஒரு கதை எப்போதும் தயாராக இருக்கும். ஏமாந்து போய் எதையோ குடித்துவிட்டாள், போலீஸ் கேஸ் ஆகும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கூடப் போனவளைக் கேட்டார்கள். அவள் பத்தொன்பது வயசுப் பெண், உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்று பயந்து அட்டையில் இருந்ததையே ஒப்பித்திருக்கிறாள். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். மடியில் சாப்பாட்டுப் பை, அதற்குள் அண்ணியின் தாலி. என்னோடு பேசி லைன் போன பிறகுதான் அந்த நர்ஸ் ஓடிப்போய் மாடியில் இருந்த டாக்டரம்மாவைக் கூட்டி வந்திருக்கிறாள். டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு எல்லோரையும் போட்டுக் கத்தினாராம். மருந்து ஏற்றி, தங்கள் வண்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தாராம்.

அண்ணன் பெங்களூரிலிருந்து நேராக அங்கே போய்ச் சேர்ந்தான். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. அது அழவே இல்லை. முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அண்ணன் கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்களாம். அந்தப் பதில்தான் எங்களை இன்றுவரை தூங்க விடுவதில்லை. பிழைத்திருக்காது என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அண்ணி பிழைத்தாள். கண் விழித்ததும் வயிற்றைத் தடவவில்லை, கழுத்தைத்தான் தடவிப் பார்த்தாள் என்று அம்மா சொன்னாள்.

கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஏசி அறை, தண்ணீர் பாட்டில், மரியாதையான பேச்சு. வெளியாள் ஒருவருக்கு எங்கள் பஸ்ஸில் ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். ஆகிவிட்டதுங்களே என்றேன். அவர்கள் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்கள். சீசன் வேலை, ஆள் பற்றாக்குறை, அதனால் எச்சரிக்கையோடு விட்டார்கள். பாயை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளில் பஸ் கதவில் இருந்த பெட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார்கள். இது அட்டையைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறது. நம் முகம் சரியாக இருந்தால்தான் உள்ளே விடும். கடைசி வரிசையில் இப்போது எங்கள் பைகளைப் போட்டுக்கொண்டு போகிறோம்.

நான் இன்னும் அந்த பஸ்ஸில்தான் போகிறேன். போகாமல் என்ன செய்வது? வீட்டுக்கு வந்தால் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. அண்ணிதான் ஷிப்ட்டுக்கு முன்னால் வழக்கம்போல் தலை பின்னிவிடுகிறாள். சுகாதார நிலையத்துக்கு இப்போது வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிற கருவியும் வந்திருக்கிறது. ரோடு அப்படியேதான் கிடக்கிறது.

அண்ணி மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். இப்போது ஏழாம் மாதம். இந்தத் தடவையும் பிரஷர் கூடத்தான் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். முன்கூட்டியே டவுனில் போய்த் தங்கிவிட வேண்டும் என்று திரை டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். யார் வீட்டில் தங்குவது என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் யோசிக்கிறோம். போன வாரம் வளையல் போட நாள் பார்த்தோம். அவள் அம்மா வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். மனையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, அம்மா பச்சை வளையலைக் கையில் எடுத்தாள். அண்ணி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க அத்தை. போற அன்னிக்கு மறுபடி கழட்டணும். நேரம் ஆவும்."

கூடியிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கோட்டு மாட்டி பஸ் ஏறுகிறவர்கள்தான். ஒருத்தி சந்தனக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். அம்மா வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அண்ணி படுக்கிற இடத்தின் தலைமாட்டில், அன்று அவள் போட்டிருந்த அந்தப் பெரிய நீலக் கோட்டு துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் என் பழைய அட்டையும் இருந்தது. பஸ் கதவு இப்போது முகம் கேட்கிறது என்று நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.